கோட்டை வாயிலிற் காலப்பயணி : மத்தியகாலக் காதற் புனைகதைகள் பற்றிய ஒரு நோக்கு

1

இக்காலத்தைச் சேர்ந்த ஆணோ பெண்ணோ பொறியொன்றின் துணையாலோ, மருந்தொன்றின் வலிமையாலோ, காரணங் கூறப்படாத அற்புதமொன்றினாலோ பல நூற்றாண்டுகள் பின்னோக்கிச் சென்று, அங்கு வாழும் ஒருவர்மீது காதல் கொள்வதாகக் கூறும் கதைகள் ஆங்கில வெகுசனப் புனைகதைத் துறையிலே தனியொரு வகையாக நிலைபெற்றுவிட்டன. அவற்றுட் கணிசமானவை ஐரோப்பிய மத்தியகாலத்தைக் களமாகக் கொண்டவை. பல்கலைக்கழக இலக்கிய ஆய்வாளர் இவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. முற்போக்கு விமர்சகரும் யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் எழுத்து என்று ஒரு தொடராற் கூறி அப்பாற் சென்றுவிடுகின்றனர். பெருந்தொகையான வாசகர், சிறப்பாகப் பெண் வாசகர், விரும்பிப் படிக்கும் எழுத்தை இவ்வாறு ஒதுக்குதல் எளிது. ஆயின் அவர்கள் எதிலிருந்து தப்பியோடுகின்றனர், எங்கே சென்று சேர்கின்றனர் என்னும் வினாக்கள் அதனால் விடைபெறுவதில்லை.

இவ்விரு வினாக்களுள் இரண்டாவதிலிருந்து தொடங்குவோம். காலப்பயணி மத்தியகாலத்தில் வந்திறங்கும் இடம் எது? அக்கால ஐரோப்பிய மக்களுட் பெரும்பான்மையோர் நிலத்தில் உழைத்தவர்கள். தற்செயலாக அக்காலத்திற் போய் விழும் ஒருவர் உழவர் குடிசையொன்றின் அருகே விழுவதற்கே வாய்ப்பு அதிகம். எனினும் கதைகளில் அவர் கோட்டை வாயிலிலேயே வந்து சேர்கின்றார். அவராற் காதலிக்கப்படுவோரும் பிரபுவாகவோ, போர்வீரனாகவோ, சீமாட்டியாகவோ இருக்கின்றனர். காலத்தைக் கடக்க முடிந்தவர்க்கு வர்க்க எல்லையைக் கடக்க முடியாது போவதேன்? இவ்வகைக் கதையொன்றின் தரம் அதிலுள்ள காதலின் உருக்கத்தை மாத்திரம் பொறுத்ததன்று. அக்காதலுக்கு வேண்டிய ஓய்வையும் உணவையும் உடையையும் தம் உழைப்பால் ஆக்கித் தந்தவர்கள் கதையிற் காணப்படுகின்றனரா என்பதையும் பொறுத்தது. இதுவே இக்கட்டுரையின் வாதமாகும்.

2

நூல்களை நோக்குமுன், அவை புனையும் உலகில் காதலும் திருமணமும் வரலாற்று நிலையில் எவ்வாறிருந்தன என்பதை நினைவுகூர்தல் தகும். 1884 இல் வெளிவந்த குடும்பத்தின் தோற்றம் பற்றிய தமது நூலில் ஏங்கல்ஸ் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். தனிமனிதரிடையே தோன்றும் தீவிரமான காதலுணர்வு ஐரோப்பாவில் முதன்முதலாகத் தெளிவான வடிவம் பெற்றது மத்தியகால வீரர்குலக் காதலிலேயே. ஆனால் அது கணவன் மனைவியரிடையே நிகழ்ந்த காதலன்று. பிறன்மனைக் காதலாகவே அது பாடப்பெற்றது என்பது அவர் கருத்து. திருமணம் நிலவுடைமையோடும் குடும்பக் கூட்டுறவுகளோடும் பிணைந்திருந்தமையால், காதலுக்கு அதற்கு வெளியிலேயே இடங் கிடைத்தது.

இங்கிலாந்தின் நிலமானிய வழக்கங்கள் இதனை உறுதிசெய்வன. தந்தையை இழந்த வாரிசின் பாதுகாவலுரிமையும் அவ்வாரிசுக்குத் திருமணஞ் செய்துவைக்கும் உரிமையும் மேற்பிரபுவுக்குரியன. அவ்வுரிமைகள் விலைக்கு விற்கப்பட்டன. 1215 ஆம் ஆண்டின் மகாபட்டயம், வாரிசுகளைத் தகுதிக்குக் குறைந்த இடத்தில் மணமுடித்து வைக்கலாகாது எனவும், விதவைகளை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தலாகாது எனவும் விதிக்க வேண்டியிருந்தது. விலக்கப்பட வேண்டிய அளவுக்கு அவ்வழக்கங்கள் பரவியிருந்தன என்பதே இதன் பொருள். அடிநிலையிலோ, நிலத்தோடு பிணிக்கப்பட்ட பண்ணையடிமை தன் மகளுக்கு மணமுடிக்கப் பிரபுவுக்கு 'மேர்ச்செற்' என்னும் இறை செலுத்தினான். ஒருவன் அடிமை நிலையினன் என்பதற்கு அவ்விறை செலுத்தியமையே நீதிமன்றத்திற் சான்றாகக் கொள்ளப்பட்டதுமுண்டு.

வீரர்குலக் காதலின் இலக்கண நூலாகப் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்திரேயாசு கப்பெல்லானுசு இலத்தீனில் எழுதிய நூலாகும். பிரபுகுலப் பெண்ணிடம் எவ்வாறு பணிந்து பேச வேண்டும் என்பதை அது மிக விரிவாகக் கூறும். உழவர் குலப் பெண்கள் பற்றியும் அதில் ஒரு சிறு பகுதி உண்டு. அத்தகைய பெண்மீது ஆசை கொள்ளின், வேண்டுமிடத்துச் சிறிது பலவந்தத்தையும் கையாளலாம் என்பதே அங்கு தரப்படும் அறிவுரை. அந்நூல் அங்கதமாக எழுதப்பட்டதா என்று அறிஞர் வாதிடுவர். அங்கதமாயினும் அது சுட்டும் சமுதாய வேறுபாடு பொய்யன்று. சீமாட்டியின் முன் மண்டியிட்ட அதே வீரனுக்கு உழவன் மகள் வேறொரு பொருளாகத் தோன்றினாள்.

இவ்வுண்மைகளோடு வெகுசனக் காலப்பயணக் காதற் கதைகளை ஒப்பிடின் ஒரு விந்தை புலனாகும். அக்கதைகளின் வீரன் இறுதியில் விரும்புவது ஒருத்தியோடு மாத்திரம் வாழும், பரஸ்பர மதிப்புள்ள, காதலால் நிறுவப்பட்ட இல்வாழ்க்கை. அதாவது, நவீன மத்தியதர வர்க்கத்தின் திருமண இலட்சியம் இரும்புக் கவசம் பூண்டு வருகின்றது. 1989 இல் வெளிவந்து பெரும் புகழ்பெற்ற ஜூட் டெவெறோவின் நாவல் இதற்குத் தக்க சான்று. மின்னுங் கவசமணிந்த வீரன் என்று பொருள்படும் அதன் தலைப்பு மத்தியகாலத்தையே நினைவூட்டும். ஆயின் அங்கு தோன்றும் பிரபு நிக்கலஸ் 1564 ஆம் ஆண்டினன். முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்தவன். காதலனாற் கைவிடப்பட்ட அமெரிக்கப் பெண்ணொருத்தி ஆங்கிலத் தேவாலயமொன்றில் அவனுடைய கல்லறையருகே நின்றழ, அவன் உயிரோடு முன்வந்து நிற்கின்றான். இத்தகைய கதைக்கு நூற்றாண்டு முக்கியமன்று; கவசமே முக்கியம். வரலாறு இங்கே உடையலங்காரமாகச் சுருங்கிவிடுகின்றது.

3

இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகிய மார்க் ருவெயினின் 'ஆதர் மன்னன் அவையில் ஒரு கனெக்ரிகட் யாங்கி' (1889) இந்தப் போக்குக்கு எதிராகவே எழுதப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஹாட்பேட் நகர் ஆயுதத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாகிய ஹாங்க் மோர்கன், தொழிலாளி ஒருவனோடு நிகழ்ந்த சண்டையில் தலையில் அடியுண்டு விழுந்து, ஆறாம் நூற்றாண்டில் விழிக்கின்றான். ருவெயின் காட்டும் ஆறாம் நூற்றாண்டு உண்மையிற் பிற்பட்ட மத்தியகாலங்களின் கலவையே. எனினும் மோர்கன் கோட்டைக்குள் நின்றுவிடுவதில்லை. மன்னனும் அவனும் உழவர் வேடம் பூண்டு நாட்டினுள் நடக்கின்றனர்; இறுதியில் அடிமைகளாக விற்கப்படுகின்றனர். அம்மை நோயாற் குடும்பம் மடியும் குடிசையொன்றினுள் மன்னன் தன் கைகளில் நோயுற்ற சிறுமியைத் தூக்கிவரும் பகுதி, அந்நூலின் நகைச்சுவை முழுவதையும் ஒருகணம் நிறுத்திவிடுகின்றது. கவசமணிந்த எந்த வீரனும் இவ்வகைக் கதைகளில் அதனைவிட உயர்ந்த செயலைச் செய்ததில்லை.

மோர்கனுக்கும் காதல் உண்டு. ஓயாது கதை பேசும் சாண்டி என்னும் பெண்ணை ஏளனத்தோடு ஏற்றவன், பின்னர் அவளை மணந்து ஒரு மகளுக்கும் தந்தையாகின்றான். தன் காலத்துக்கு மீண்டபின் சாகும் தறுவாயில் அவளையே அழைத்துப் பிதற்றுகின்றான். ஆயின் இக்காதலுக்கும் அந்நூலின் அரசியலுக்கும் இடையில் ஒரு பிளவு உண்டு. மக்களை விடுவிக்க வந்ததாகக் கூறும் தொழிற்சாலை மேற்பார்வையாளன் இறுதியில் மின்வேலியாலும் இயந்திரத் துப்பாக்கிகளாலும் இருபத்தையாயிரம் பேரைக் கொன்று குவிக்கின்றான். மேலிருந்து திணிக்கப்படும் முன்னேற்றம் மக்களைத் துணையாகக் கொள்ளாதவிடத்து என்னவாகும் என்பதை ருவெயின் தம் காலத்து முதலாளித்துவத்தின் முகத்திலேயே கண்டார். நிலமானியத்தை எள்ளத் தொடங்கிய நூல், நவீனத்துவத்தின் மீதும் ஐயங்கொண்டு முடிகின்றது. அந்நூலின் வலிமை இதில் அடங்கியுள்ளது.

4

எண்பது ஆண்டுகள் கழித்து வெளிவந்த டப்னி டு மோறியரின் 'கடற்கரை வீடு' (1969) வேறொரு வழியிற் செல்கின்றது. கோண்வோல் பகுதியிலுள்ள ரைவோட்றெத் என்னும் ஊர்ப்பெயரின் பொருளே அதன் தலைப்பு. அவ்வூரருகே ஒரு பழைய வீட்டில் வந்து தங்கும் டிக் யங், தன் நண்பனாகிய விஞ்ஞானி மக்னஸ் தயாரித்த மருந்தை அருந்திப் பதினான்காம் நூற்றாண்டைக் காண்கின்றான். அவன் உடல் இக்கால நிலத்திலேயே நடக்கின்றது. உணர்வு மாத்திரம் அக்காலத்தில் உள்ளது. அங்கே அவனை எவரும் காண்பதில்லை. அவன் எவரையேனும் தொட்டால் அக்கணமே குமட்டலோடும் மயக்கத்தோடும் நிகழ்காலத்தில் வந்து விழுகின்றான். இந்நிலையிலே இசோல்டா கார்மினோ என்னும் சீமாட்டிமீது அவனுக்கு மோகம் பிறக்கின்றது.

இக்காதலுக்கு மூன்று சிறப்புகள் உண்டு. முதலாவது, இசோல்டா பிறன் மனைவி. அவள் நேசிப்பதும் ஒற்றோ பொட்றூகன் என்னும் வேறொருவனை. ஏங்கல்ஸ் சுட்டிய திருமணத்துக்குப் புறம்பான காதல் இங்கே வரலாற்றுப் பொருத்தத்தோடு இடம்பெறுகின்றது. இரண்டாவது, டிக் யங்குக்கு வழிகாட்டியாக அமைபவன் பிரபு அல்லன். றொஜர் என்னும் காரியத்தர், சிறுநிலக் குடும்பத்திற் பிறந்து பிரபுவின் பணியிலுள்ளவன். ஆதலால் கோட்டையையும் குடிசையையும் இணைக்கும் இடைநிலையிலிருந்து அச்சமுதாயம் நோக்கப்படுகின்றது. மூன்றாவதே மிக முக்கியமானது. டிக் யங் பார்க்கலாம், தொடலாகாது. இது கதைக்கான வெறும் விதியன்று. வரலாற்றுப் புனைகதை படிக்கும் ஒவ்வொருவரின் நிலையும் இதுவே. கடந்த காலத்தார்மீது நாம் கொள்ளும் அன்பை அவர்கள் அறியமாட்டார்கள். அவர்களின் துன்பத்துக்கு நாம் எவ்வகையிலும் உதவவும் முடியாது. வெகுசனக் கதைகள் மறைக்கும் இவ்வுண்மையை டு மோறியர் தம் கதையின் அடித்தளமாக்கினார்.

எதிலிருந்து தப்பியோடுகின்றனர் என்னும் வினாவுக்கும் இந்நூல் விடை தருகின்றது. டிக் யங் இலண்டன் பதிப்பகமொன்றில் தான் பார்த்த வேலையை விட்டவன். நியூயோர்க்கில் தன் உறவினரின் நிறுவனத்திற் சேருமாறு வற்புறுத்தும் மனைவி வீற்றாவுக்கு விடை கூறாது நாட்களைக் கடத்துகின்றான். தன் தொழிலோடும் தன் வீட்டோடும் அந்நியமாகிப்போன மத்தியதர வர்க்க மனிதனுக்கு ஆறு நூற்றாண்டுக்கு முற்பட்ட பெண்ணொருத்தி, அருகில் நிற்கும் மனைவியைவிட உண்மையானவளாகத் தோன்றுகின்றாள். ஆசிரியர் அவனுக்கு இரங்குகின்றார். ஆனால் அவனை நியாயப்படுத்தவில்லை. பழைய நிலப்பரப்பில் நடப்பதாக எண்ணிய மக்னஸ் இக்காலப் புகையிரதத்தில் மோதுண்டு இறக்கின்றான். நிகழ்காலத்தை மறந்தவனை நிகழ்காலம் மறப்பதில்லை. வீற்றாவின் பாத்திரம் போதிய பரிவோடு வார்க்கப்படவில்லை என்பது இந்நூலின் குறை. கணவனின் கனவுக்கு ஈடுகொடுத்தவள் அவளே. எனினும் அவள் பக்கத்து நியாயம் நமக்குக் கேட்பதில்லை.

5

இனி, அண்மைக்காலத்து இரு நூல்களை ஒருங்கே நோக்கலாம். மைக்கல் கிறைற்றனின் 'ரைம்லைன்' (1999) 1357 ஆம் ஆண்டின் தென்மேற்குப் பிரான்சை, நூறாண்டுப் போரின் நடுவே, களமாகக் கொண்டது. காலப்பயணத்தைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்ட அமெரிக்க நிறுவனமொன்று கடந்த காலத்தைப் பொழுதுபோக்குப் பண்டமாக விற்கத் திட்டமிடுகின்றது. வரலாற்று மாணவர் சிலர் தம் பேராசிரியரை மீட்க அங்கு அனுப்பப்படுகின்றனர். அவர்களுள் மறெக் என்பவன் மத்தியகால மொழிகளையும் போர்க்கலையையும் விரும்பிக் கற்றவன். சீமாட்டி கிளெயர்மீது காதல் கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றான். பின்னர் அவன் நண்பர்கள் இக்காலத்தில் அவ்விருவரின் கல்லறைச் சிற்பத்தைக் காண்பதோடு கதை நிறைவுறுகின்றது.

அம்முடிவு உருக்கமானது என்பதில் ஐயமில்லை. வரலாற்றைப் பண்டமாக்கும் நிறுவனத்தைக் கண்டிக்கும் ஆசிரியரின் நோக்கமும் வரவேற்கத்தக்கதே. எனினும் மறெக் தெரிந்துகொண்ட வாழ்வை வரலாற்றினிடையே வைத்துப் பார்த்தல் வேண்டும். 1356 இல் புவாற்றியேப் போரில் பிரெஞ்சு மன்னன் சிறைப்பட்டான். சம்பளமற்ற படைக்கூட்டங்கள் நாட்டைச் சூறையாடின. பிரபுக்களின் தோல்விக்கான விலையை உழவர்கள் வரியாகவும் கொள்ளையாகவும் செலுத்தினர். கதை நிகழும் ஆண்டையடுத்து, 1358 மே மாத இறுதியில், வட பிரான்சில் 'ஜாக்கெறி' எனப்படும் உழவர் கிளர்ச்சி வெடித்தது. சில வாரங்களிலேயே அது இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அக்கிளர்ச்சி நிகழ்ந்த பகுதி கதைக்களத்துக்குத் தொலைவிலுள்ளதுதான். ஆனால் அதற்குக் காரணமான நிலைமைகள் இரு பகுதிக்கும் பொதுவானவை. கோட்டையில் வாழ்ந்து முதிர்ந்த மறெக் அவ்வாண்டில் எப்பக்கத்தில் நின்றிருப்பான்? கல்லறைச் சிற்பம் இதற்கு விடை கூறாது. தேவாலயங்களிற் கற்சிற்பம் வைக்கப்பெற்றவர்கள் உழவர்கள் அல்லர் என்பதை மாத்திரம் அது நமக்கு நினைவூட்டும்.

கொனி வில்லிசின் 'டூம்ஸ்டே புக்' (1992) கண்டிப்பான பொருளிற் காதற் கதையன்று. ஆயினும் காதற் கதைகள் எதை மறைக்கின்றன என்பதை அறிய அதனைப் படித்தல் அவசியம். 2054 ஆம் ஆண்டின் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலிருந்து 1320 ஆம் ஆண்டுக்கு அனுப்பப்படும் கிவ்றின் என்னும் மாணவி, தவறுதலாக 1348 இல், கொள்ளைநோய் இங்கிலாந்தை எட்டிய வேளையிற் சென்று சேர்கின்றாள். அவளும் பிரபு குடும்பமொன்றின் வீட்டிலேயே அடைக்கலம் பெறுகின்றாள். வீரனொருவன் தன் தலைவனின் மனைவிமீது கொண்ட மௌனமான காதலும் அங்கு உண்டு. ஆனால் ஆசிரியர் நம் கவனத்தை வேறிடத்துக்குத் திருப்புகின்றார். பன்னிரண்டு வயதுச் சிறுமி றோசமண்ட், தன்னைவிட மிக மூத்த பிரபுவுக்கு நிச்சயிக்கப்பட்டு, அவனைக் கண்டு அஞ்சி ஒடுங்குகின்றாள். வீரர்குலக் காதலுக்கு அருகே நிலவுடைமைத் திருமணத்தை நிறுத்தி, இரண்டும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தமையை இந்நூல் காட்டுகின்றது.

இந்நாவலின் உண்மையான அன்பு கிவ்றினுக்கும் றோச் என்னும் ஊர்க்குருவுக்கும் இடையே மலர்கின்றது. அவர் கல்வியறிவு குறைந்தவர். பிழைபட்ட இலத்தீனில் வழிபாடு நடத்துபவர். பிரபு குடும்பத்து மூதாட்டியால் இகழப்படுபவர். அவரே நோயுற்ற எல்லோருக்கும், வர்க்க வேறுபாடின்றி, இறுதிவரை பணிசெய்கின்றார். கிவ்றினை இறைவன் அனுப்பிய புனிதையென அவர் நம்புகின்றார். அவளோ தன்னால் ஒருவரையும் காப்பாற்ற முடியாமையை உணர்கின்றாள். டு மோறியர் விதியாக வகுத்த 'தொட முடியாமை' இங்கே தொட்டும் பயனில்லாமையாக மாறுகின்றது. ஆயினும் வில்லிசின் பார்வைக்கும் எல்லை உண்டு. சாவோடு அவர் கதை நின்றுவிடுகின்றது. எஞ்சிய உழைப்பாளர் கூடிய கூலி கேட்டமை, 1351 இன் தொழிலாளர் சட்டம் கூலியைப் பழைய மட்டத்தில் நிறுத்த முயன்றமை, 1381 இல் உழவர்கள் இலண்டன்வரை அணிவகுத்தமை ஆகியன அதே கொள்ளைநோயின் தொடர்விளைவுகள். மத்தியகால உழவனைத் துன்பப்படுபவனாகக் கண்ட நூல்கள் உண்டு. எதிர்த்து நின்றவனாகக் கண்டு அவனோடு காதல்கொண்ட காலப்பயணியை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

6

காதற் கதையிடம் பொருளாதார வரலாற்றை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கப்படலாம். இக்கேள்வியை எள்ளி நகையாட முடியாது. 1984 இல் வெளிவந்த காதற் கதை வாசிப்புப் பற்றிய தமது ஆய்வில், ஜனிஸ் றாட்வே அமெரிக்கப் பெண் வாசகரோடு உரையாடி ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். குடும்பத்தார் அனைவரையும் பேணும் அப்பெண்களைப் பேணுவார் ஒருவருமிலர். புத்தகத்தைத் திறந்து அமரும் வேளையே அவர்கள் தமக்கென எடுத்துக்கொள்ளும் வேளை. ஆகவே, தப்பியோடல் என்று நாம் இழித்துரைப்பதில் ஒரு முறைப்பாடு அடங்கியுள்ளது. ஊதியமற்ற வீட்டு வேலைக்கு எதிரான முறைப்பாடு அது. அம்முறைப்பாட்டை முற்போக்கு விமர்சகர் மதித்தல் வேண்டும். ஆயின் ஊதியமற்ற உழைப்பிலிருந்து விடுதலை தேடுவோரைப் பண்ணையடிமைகளின் ஊதியமற்ற உழைப்பில் எழுந்த கோட்டைக்கே அழைத்துச்செல்வது எத்தகைய விடுதலை? முறைப்பாடு உண்மையானது, காட்டப்படும் திசையே பொய்யானது.

வேறு திசை இயலாததன்று. மத்தியகாலத்தைக் களமாகக் கொள்ளாவிடினும், ஒக்ரேவியா பட்லரின் 'கின்றெட்' (1979) இதற்குச் சான்று. 1976 ஆம் ஆண்டின் கறுப்பினப் பெண்ணொருத்தி பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேரிலண்ட் அடிமைப் பண்ணைக்கு இழுக்கப்படுகின்றாள். அவள் இறங்கும் இடம் எசமானனின் விருந்து மண்டபமன்று, அடிமைகளின் பக்கம். அங்கே எசமானன் 'காதல்' என்று கூறுவது அடிமைப் பெண்ணுக்கு எதுவாக இருந்தது என்பதை வாசகர் கண்முன்னே காண்கின்றனர். காலப்பயணம் என்னும் உத்தி தன்னளவிற் பிற்போக்கானதன்று என்பதும், பயணி யார் பக்கத்தில் நிறுத்தப்படுகின்றார் என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கின்றது என்பதும் இதனாற் பெறப்படும்.

தமிழ் வாசகருக்கும் இவ்வினா அந்நியமன்று. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்', தொடக்கத்திலேயே வாசகரை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிப் பயணஞ்செய்ய அழைக்கின்றது. பொறியோ மருந்தோ அங்கு தேவைப்படவில்லை, வாசகரே காலப்பயணி. அவர் சென்று சேர்வதும் அரண்மனைகளுக்கும் இளவரசியருக்கும் அருகிலேயே. அச்சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே 'வெட்டி' என்னும் ஊதியமற்ற வேலை குறிக்கப்படுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் பணிக்கெனக் கொணர்ந்து குடியமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் வீட்டு வரிசையும் அக்கோயிற் சுவரிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. குந்தவையின் பெயரை அறிந்த வாசகருள் எத்தனை பேர் அந்நானூற்றுவருள் ஒருத்தியின் பெயரை அறிவர்?

இக்கதைகளைப் படிக்கலாகாது என்பது இக்கட்டுரையின் முடிபன்று. படிக்கும்போது ஒரு வினாவையும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும் என்பதே நமது வேண்டுகோள். பயணி கோட்டை வாயிலை அடையும்போது கதவைத் திறப்பவர் ஒருவர் உண்டு. குளிருக்கு நெருப்பு மூட்டுபவரும், காதலர் உண்ணும் ரொட்டிக்குக் கோதுமை விளைவித்தவரும் உண்டு. அவர்களைக் கதை ஏறெடுத்துப் பார்க்கின்றதா? ருவெயின் பார்த்தார், வில்லிஸ் பார்த்து அழுதார், டு மோறியர் பார்வையின் எல்லையையே பொருளாக்கினார். ஏனையோர் கவசத்தின் மினுக்கத்தில் நின்றுவிட்டனர். அக்கவசத்தைத் துலக்கியவனின் கதை இனித்தான் எழுதப்படல் வேண்டும்.